கோடைநகரில் ஒரு குருப்பெயர்ச்சி

வல்லக்கோட்டையில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் மொட்டைமாடியில், இரவு முழுசாகக் கறுத்து நான் பார்த்ததில்லை. ஒரு பக்கம் ஒரகடம், மறுபக்கம் வல்லம் வடகால். இரண்டு பக்கத்து சிப்காட் வெளிச்சமும் அடிவானத்தில் ஏறி, ஆறிய பாலில் ஆடை படிந்த மாதிரி நிற்கும். உச்சியில் மட்டும் கொஞ்சம் இருட்டு மிச்சமிருக்கும். நைட் ஷிப்ட் இல்லாத நாட்களில் பாயை விரித்து, அந்த மிச்சத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

ஹவுஸ் ஓனர் அம்மாவுக்கு இது விநோதம். காய்ந்த துணியை எடுக்க மேலே வரும்போதெல்லாம் கேட்பார். “இன்னா தம்பி, ஆகாசத்துல இன்னா வெச்சிருக்க?”

அவருக்கு ஆகாசம் என்றால் ராசிபலன் புத்தகம். அந்த வருஷம் குருப்பெயர்ச்சி நெருங்கிக்கொண்டிருந்தது. தெருமுனையில் பரிகார பூஜைக்கு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வியாழன் பன்னிரண்டு ராசிகளையும் சுற்றிவர ஏறக்குறைய 12 வருஷம் எடுத்துக்கொள்கிறது. ராசிக்கு ஒரு வருஷம். அதனால்தான் குருப்பெயர்ச்சி வருஷத்துக்கு ஒன்று. வியாழன் தன் பாதையை விட்டு இம்மியும் விலகுவதில்லை. நாம் பார்க்கும் திசையில் அதன் பின்னாலிருக்கும் நட்சத்திரங்கள் மாறுகின்றன, அதைத்தான் பெயர்ச்சி என்கிறோம். எனக்கு அப்போது மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது வேறொரு குரு. பிறந்த இடத்தை விட்டு நிஜமாகவே பெயர்ந்து, அடுப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்ட குரு.

தங்கள் நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டு சுற்றும் பெரிய வாயுக் கோள்களை அறிவியல் தமிழில் ‘வெப்ப வியாழன்’ என்று எழுதுகிறார்கள். சுடுசோறு, சுடுநீர் என்று சொல்லிப் பழகிய வாய்க்கு ‘சுடுவியாழன்’ இன்னும் சரியாக வருகிறது; நான் அப்படியே சொல்கிறேன். அவற்றில் ஒன்றுக்கு இந்தியா பெயர் வைத்திருக்கிறது. சர்வதேச வானியல் ஒன்றியம் தன் நூற்றாண்டையொட்டி 2019-இல் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நட்சத்திரத்தையும் அதைச் சுற்றும் கோளையும் ஒதுக்கி, பெயர் வைத்துக்கொள்ளுங்கள் என்றது. நமக்கு வந்தது எச்.டி. 86081 என்ற எண்ணுள்ள நட்சத்திரம். இந்திய வானியல் கழகம் போட்டி வைத்தது. ஒரு கல்லூரி மாணவர் நட்சத்திரத்துக்கு ‘பிபா’ என்றும், ஒரு பள்ளி மாணவர் கோளுக்கு ‘சந்தமசா’ என்றும் சொன்ன பெயர்கள் அந்த டிசம்பரில் அறிவிக்கப்பட்டன.

சந்தமசா தன் நட்சத்திரத்தை ஒரு முறை சுற்ற எடுத்துக்கொள்ளும் காலம் 2 நாள், 3 மணி, 18 நிமிடம். அதாவது ஆறு ஷிப்ட் முடிந்து, ஏழாவது ஷிப்டின் முதல் டீ பிரேக் தாண்டுவதற்குள் அங்கே ஒரு வருஷம் போய்விடும். நாற்பது வயதுக்காரர் அங்கே ஆறாயிரத்து எண்ணூறு பிறந்தநாள் கண்டிருப்பார். அந்த நட்சத்திரத்திலிருந்து யாராவது பஞ்சாங்கம் கணித்தால் நாலேகால் மணி நேரத்துக்கு ஒரு குருப்பெயர்ச்சி எழுத வேண்டும். பரிகாரத்துக்கு அய்யருக்கு நேரம் இருக்காது.

நம் வியாழனைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு எடை. நட்சத்திரத்திலிருந்து இருக்கும் தூரமோ ஐம்பது, அறுபது லட்சம் கிலோமீட்டர்தான். நம் வீட்டில் சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் புதன்கூட ஐந்தே முக்கால் கோடிக்கு மேல் தள்ளி நிற்கிறது. புதனின் தூரத்தில் பத்தில் ஒரு பங்கில், புதனைவிடப் பல ஆயிரம் மடங்கு கனமான ஒன்று, இரண்டு நாளைக்கு ஒரு முறை ஓடிக்கொண்டிருக்கிறது என்று கற்பனை செய்துகொள்ளலாம்.

இதை யாரும் பார்த்ததில்லை. 2006-இல் கண்டுபிடித்தவர்களும் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்தது நட்சத்திரம் ஆடுவதை.

இந்த இடத்தில் என் தொழிலைச் சொல்லியாக வேண்டும். நான் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டியில் இருந்தேன். லாரிக்கும் காருக்கும் போகும் பிரேக் டிரம்களைச் சோதிப்பது வேலை. டிரம்மை ஸ்பிண்டிலில் மாட்டி, டயல் கேஜின் முனையை அதன் மேல் தொட வைத்து, முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தி, கையால் மெல்லச் சுற்ற வேண்டும். ஜாப் சரியாக இருந்தால் முள் அசையாது. மையம் ஒரு மயிரிழை தள்ளியிருந்தாலும் முள் போய்ப் போய் வரும். அதற்கு ரன் அவுட் என்று பெயர். பாயிண்ட் ஒன்றைத் தாண்டினாலே சூப்பர்வைசர் முகம் மாறும். எட்டு மணி நேரம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கத்திலும் முள் ஆடும்.

‘கோள் நட்சத்திரத்தைச் சுற்றுகிறது’ என்று பள்ளிக்கூடத்தில் படித்தது பாதிதான் உண்மை என்று எனக்கு விளங்கியது டயல் கேஜால்தான். இரண்டுமே சுற்றுகின்றன. இரண்டுக்கும் பொதுவான ஒரு எடைமையம் இருக்கிறது, அது பெரியதன் மையத்துக்கு மிக அருகில், ஆனால் அதன்மேலேயே அல்லாமல், கொஞ்சம் தள்ளி விழுகிறது. சந்தமசா இழுக்கிற இழுப்பில் பிபா சுமார் 6,000 கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு சின்ன வட்டம் போடுகிறது. ஒரு நாள் மதியம் கேன்டீனில் டோக்கனின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். அந்த நட்சத்திரத்தை 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிரேக் டிரம்மாகச் சுருக்கினால், டயலில் அதன் ரன் அவுட் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் காட்டும். எங்கள் லைனில் அப்படி ஒரு பீஸ் வந்திருந்தால் ரீவொர்க்குக்குக்கூட அனுப்ப மாட்டார்கள். நேராக ஸ்கிராப் பின்.

ஆனால் அந்த டிரம் இருப்பது 340 ஒளியாண்டு தொலைவில். அங்கே எந்த டயலின் முனையும் தொடாது. அதனால் ஆட்டத்தை நிறத்தில் படிக்கிறார்கள். நட்சத்திரம் நம்மை நோக்கி வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலத்தின் பக்கம் ஒரு துளி நகரும், விலகும்போது சிவப்பின் பக்கம். ரயில் ஹார்ன் வரும்போது ஒரு சுருதியிலும் போகும்போது வேறு சுருதியிலும் கேட்பது போல. பிபாவின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 200 மீட்டர். ஒளியின் வேகத்தில் அது பதினைந்து லட்சத்தில் ஒரு பங்கு. கோடுகள் நகர்வதும் அந்த விகிதத்தில்தான். அந்த நுணுக்கத்தை அளந்து, ஐம்பத்தொரு மணி நேரத்துக்கு ஒரு முறை முள் போய் வருகிறது என்று கண்டால், பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

இந்தத் தொழிலுக்குச் சென்னையில் ஒரு பழைய கதை உண்டு; கொஞ்சம் சங்கடமான கதை. நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில், 1792-லிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வுக்கூடம் இயங்கியது. அதன் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது, தமிழ் எழுத்தும் பொறித்து. அங்கே தலைமை வகித்த டபிள்யூ.எஸ். ஜேக்கப் 1855-இல் ஒரு கட்டுரை எழுதினார். 70 ஒபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரம் கணக்குப்படி நகரவில்லை, அதன் பாதையில் ஒரு பிசகு இருக்கிறது, அங்கே ஒரு கோள் இருப்பதற்கு வாய்ப்பு மிக அதிகம் என்றார். சூரியனல்லாத ஒரு நட்சத்திரத்துக்குக் கோள் உண்டென்று, அளவீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன முதல் குரல்களில் ஒன்று நுங்கம்பாக்கத்திலிருந்து எழுந்திருக்கிறது. ஊர்ப் பெருமை பேசுகிறவர்கள் இதை ஏன் விட்டுவைத்தார்கள் என்று ஆச்சரியமாக இருக்கிறது. கோள் அங்கே இல்லை என்பது காரணமாக இருக்கலாம். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மற்றவர்களின் கணக்கு ஜேக்கப்பின் பிசகைத் தள்ளிவிட்டது.

எனக்கு அவர்மேல் இரக்கம் உண்டு. டயல் ஸ்டாண்டின் காந்தம் மேஜையைச் சரியாகப் பிடிக்கவில்லை என்றால், டிரம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் முள் ஆடும். புதுசாக வந்த டிரெய்னி நல்ல ஜாப்பை ரிஜெக்ட் போடுவான். “முதல்ல ஸ்டாண்ட ஆட்டிப் பாருடா, அப்பறம் ஜாப்ப சந்தேகப்படு” என்று சீனியர் அண்ணன் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மெட்ராஸ் வெயிலில் உடம்பு கெட்டு, நோயும் தொலைநோக்கியுமாக வாழ்ந்த ஜேக்கப்புக்கு அப்படி ஒரு அண்ணன் வாய்க்கவில்லை.

அதற்குப் பிறகு சுமார் நூறு வருஷம் கழித்து, 1952-இல், ஓட்டோ ஸ்ட்ரூவ ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். ஸ்ட்ரூவ ரஷ்ய உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்துப் படைவீரர். துருக்கிக்கு ஓடி, கிடைத்த கூலி வேலையெல்லாம் செய்து, பிறகு அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். அவர் கேட்டது எளிமையான கேள்வி: பெரிய கோள்கள் தங்கள் நட்சத்திரத்துக்கு மிக அருகில் இருக்கக் கூடாது என்று யார் சொன்னது? அப்படி ஒன்று இருந்து, ஒரே நாளில் சுற்றி வருமானால், இன்றைக்குக் கையில் இருக்கும் கருவியாலேயே அந்த ஆட்டத்தைப் பிடித்துவிடலாமே? யாரும் தேடவில்லை. நம் வீட்டில் வியாழன் தூரத்தில் இருக்கிறது, ஆகவே எல்லா வீட்டிலும் வியாழன் தூரத்தில்தான் இருக்கும் என்று இருந்துவிட்டார்கள். தூரத்து வியாழனின் ஒரு சுற்றைப் பார்க்கவே பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். அவ்வளவு பொறுமைக்கு எந்தத் தொலைநோக்கியில் நேரம் கொடுப்பார்கள்?

1995 அக்டோபரில் மிஷேல் மேயரும் திதியே கெலோவும் ஃப்ளாரன்ஸ் கூட்டத்தில் அறிவித்த கோள், நாலேகால் நாளுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு சுற்று முடிக்கிறது. நட்சத்திரத்தின் பெயர் 51 பெகாசி; நம் பூரட்டாதிக்குப் பக்கத்தில். முதலில் பலர் நம்பவில்லை. அமெரிக்காவில் ஜெஃப் மார்சியும் பால் பட்லரும் 1987-லிருந்தே நட்சத்திர ஆட்டங்களைப் பதிவு செய்துவந்தவர்கள். அவர்கள் உடனே தொலைநோக்கியைத் திருப்பி, உண்மைதான் என்றார்கள். பிறகு தங்கள் பழைய பதிவுகளைத் தோண்டினார்கள். சில மாதங்களிலேயே அதிலிருந்து வேறு கோள்கள் வெளிவந்தன. பெட்டிக்குள் இத்தனை நாளும் இருந்திருக்கின்றன. மேயருக்கும் கெலோவுக்கும் நோபல் பரிசு வந்தது 2019-இல், சந்தமசாவுக்குப் பெயர் வைத்த அதே வருஷம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுடுவியாழன்கள் அபூர்வம். சூரியனைப் போன்ற நூறு நட்சத்திரங்களில் ஒன்றுக்கு இருந்தால் அதிகம். முதலில் கிடைத்ததெல்லாம் அவையாக இருந்ததற்குக் காரணம், அவை அதிகமாக ஆட்டுகின்றன, சீக்கிரம் சீக்கிரமாக ஆட்டுகின்றன என்பதுதான். சத்தம் போடுகிற பிள்ளையின் பெயர்தான் வாத்தியாருக்கு முதலில் தெரியும். ஒரகடம் என்றதும் பத்திரிகைகளில் கார் கம்பெனியின் படமே வருகிறது, அங்குள்ள ஏரியின் மதகு வருவதில்லை. அதுவும் இதே கணக்கு என்று நினைத்துக்கொள்வேன்.

பூரட்டாதிப் பக்கத்துக் கோள் தலையில் குட்டிக் கேட்ட கேள்வி: இது இங்கே எப்படி வந்தது? நட்சத்திரத்துக்கு அவ்வளவு அருகில் ஒரு வியாழன் உருவாவது கடினம் என்பது பெரும்பான்மைக் கருத்து. அங்கே பனி உறையாது. பெரிய கருவைத் திரட்டப் பொருள் போதாது. தூரத்தில், குளிரில் பிறந்து இங்கே வந்திருக்க வேண்டும். வந்த வழிக்கு இரண்டு கதை சொல்கிறார்கள். ஒன்று, நட்சத்திரம் பிறந்த புதிதில் அதைச் சுற்றித் தட்டுப் போலப் பரந்திருந்த வாயுவும் தூசும் கோளை மெல்ல மெல்ல உள்ளே நகர்த்திக்கொண்டு வந்தன. இன்னொன்று, கூடப்பிறந்த இன்னொரு கோளோ துணை நட்சத்திரமோ இடித்துத் தள்ள, அது நீண்ட கோழிமுட்டைப் பாதையில் விழுந்தது. ஒவ்வொரு முறை நட்சத்திரத்தை உரசிப் போகும்போதும் கொஞ்சம் வேகம் இழந்து, கடைசியில் சின்ன வட்டத்தில் அடங்கியது. சப்தரிஷி மண்டலத்தின் பக்கம் எச்.டி. 80606-ஐச் சுற்றும் கோளை, இந்த இரண்டாவது வழியில் பாதித் தூரம் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 111 நாளில் ஒரு சுற்று. பெரும்பாலான நாள் தூரத்தில் குளிர்ந்து கிடந்து, சில மணி நேரம் மட்டும் நட்சத்திரத்தின் வாய்க்குள் தலையை விட்டு, வெந்து வெளியேறுகிறது.

எங்கள் லைனில் ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன் காஸ்டிங்குகளைத் தூக்கி வைப்பான். மூன்று வருஷத்தில் அவன் தமிழ் என் இந்தியைவிட நன்றாகிவிட்டது. எப்படி இங்கே வந்தாய் என்று ஒரு நாள் கேட்டேன். “கான்ட்ராக்டர் கூட்டிட்டு வந்தார் அண்ணா. மொதல்ல சூரத், அப்பறம் பெங்களூர், அப்பறம் இங்க” என்றான். வேறொரு நாள், நைட் ஷிப்டில் மிஷின் பிரேக் டவுன் ஆகி எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, கேட்காமலே சொன்னான்: “நிலம் பிரிக்கிறதுல அண்ணன்கூட பெரிய சண்டை. அன்னிக்கே வண்டி ஏறிட்டேன்.” இரண்டில் எது உண்மை என்று நான் கேட்கவில்லை. இரண்டும் உண்மையாக இருக்க இடமிருக்கிறது. வானியலாளர்களும் இன்றைக்கு அப்படித்தான் பேசுகிறார்கள்: சில கோள்கள் அந்த வழியில், சில இந்த வழியில். சுடுவியாழன்கள் சில, தங்கள் நட்சத்திரம் தன்னைத்தானே சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் ஓடுகின்றன. அவை அமைதியாக நகர்ந்து வந்தவையாக இருக்க வாய்ப்பு குறைவு. எங்கோ அடிதடி நடந்திருக்கலாம். பெரும்பாலான சுடுவியாழன்களுக்குப் பக்கத்தில் வேறு கோள்களும் இல்லை. வரும் வழியில் இருந்ததையெல்லாம் தள்ளிவிட்டு வந்திருக்கலாம்.

உவமையை இதற்கு மேல் இழுக்க எனக்கு மனமில்லை. மனிதன் வண்டி ஏறுவதில் ஒரு முடிவு இருக்கிறது, எவ்வளவு மோசமான முடிவாக இருந்தாலும். வாயுவுக்கு அது கிடையாது. ஆனாலும் ஒரு விஷயம் இரண்டுக்கும் பொது: வந்து சேர்ந்த பிறகு, வந்த வழி அழிந்துவிடுகிறது. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் அவன் இருப்பது இருக்கிறது, வந்தது இல்லை.

பெயருக்கு வருகிறேன். சந்தமசா என்றால் ‘மேகம் மூடியது’ என்று பெயர்சூட்டு அறிவிப்பில் பொருள் தந்திருக்கிறார்கள். சமஸ்கிருதத்தில் அது இன்னும் கனமான சொல். தமஸ் நமக்குத் தெரிந்த இருள்தான். அமரகோசம் இருளை வகை வகையாகப் பிரிக்கும் இடத்தில், எல்லாப் பக்கமும் சூழ்ந்த இருளுக்கு இந்தச் சொல்லைத் தருகிறது. ஒளிக்கு அவ்வளவு நெருக்கத்தில் இருக்கும் ஒன்றுக்கு இப்படி ஒரு பெயர். பொருத்தமும் உண்டு. சில சுடுவியாழன்கள் அசாத்தியக் கறுப்பு. டிரெஸ்-2பி என்ற கோள் தன்மேல் விழும் ஒளியில் நூறில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்புவதில்லை, கரியைவிடக் கறுப்பு.

பிபா என்பது பிபா சௌதுரி. 1913-இல் பிறந்த கொல்கத்தா இயற்பியலாளர். 1930-களின் இறுதியில், தேபேந்திர மோகன் போஸுடன் சேர்ந்து, டார்ஜிலிங் பக்கத்து மலைகளில் புகைப்படத் தட்டுகளை மாதக்கணக்கில் திறந்து வைத்தார். மேலிருந்து விழும் காஸ்மிக் கதிர் துகள்கள் அந்தத் தட்டில் தடம் விட்டன. துகளை அவர் பார்க்கவில்லை. பார்த்தது தடத்தின் வளைவையும் புள்ளிகளின் நெருக்கத்தையும். அதை வைத்து, எலக்ட்ரானைப் போல் ஏறத்தாழ இருநூறு மடங்கு எடையுள்ள ஒன்று போயிருக்கிறது என்று 1941, 1942-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. இன்னும் நல்ல தட்டு கிடைத்திருந்தால் கணக்கு கூர்மையாகியிருக்கும், கிடைக்கவில்லை. அதே முறையை மேம்பட்ட தட்டுகளில் செய்து 1947-இல் பை-மெசானைப் பிடித்த செசில் பவலுக்கு 1950-இல் நோபல் கிடைத்தது. பவல் போஸ், சௌதுரி வேலையைக் குறிப்பிட்டே எழுதினார் என்பதையும் சொல்ல வேண்டும். அவரைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை.

பிபா மான்செஸ்டரில் டாக்டர் பட்டத்துக்கு உழைத்தார். 1949-இல் மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்த முதல் பெண் ஆய்வாளர் அவர். பிறகு அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம். கோலார் தங்கவயல் ஆய்விலும் அவருக்குப் பங்கு இருந்தது. வட ஆற்காட்டிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிய அந்தச் சுரங்கம். வானத்திலிருந்து வருவதை அளக்க பூமிக்குள் இறங்கினார்கள், மேலே இருக்கும் பாறை வேண்டாததையெல்லாம் வடிகட்டிவிடும் என்பதற்காக. அடுத்து மவுண்ட் அபுவில் ஒரு ஆய்வுக்குத் திட்டமிட்டிருந்தார். அந்த ஆய்வகத்தைத் தொடங்கிய விக்ரம் சாராபாய் மறைந்த பிறகு அது நடக்கவில்லை. பிபா ஓய்வு பெற்றுக்கொண்டார். 1991-இல் இறந்தபோது அவரைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அதே மவுண்ட் அபுவில், அதே இயற்பியல் ஆய்வகத்தின் 1.2 மீட்டர் தொலைநோக்கியில் பாரஸ் என்ற நிறமாலைக் கருவியைப் பொருத்தி, அபிஜித் சக்ரவர்த்தியின் குழு 2021-இல் ஒரு சுடுவியாழனை உறுதிசெய்தது. டி.ஓ.ஐ. 1789-ஐ 3.2 நாளில் சுற்றும் கோள். வியாழனைவிட எடை குறைவு, ஆனால் வெப்பத்தில் ஊதிப்போய் வியாழனைவிடப் பெரிசு. பிபா கேட்ட மலையிலிருந்து அது கிடைத்தது என்பதை எங்கேயும் யாரும் சேர்த்துச் சொல்லி நான் படிக்கவில்லை. இரண்டுக்கும் தொடர்பு கிடையாது, சரிதான். எனக்குச் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வல்லக்கோட்டைக்கு வருவோம். ஏழடி உயர முருகன் நிற்கும் இந்த ஊரைத்தான் அருணகிரிநாதர் திருப்புகழில் கோடைநகர் என்று பாடினார் என்கிறார்கள். சித்திரை, வைகாசியில் இங்கே இருந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பெயருக்கு விளக்கவுரை தேவைப்படாது. இந்திரன் வஜ்ராயுதத்தால் நிலத்தைக் குத்தித் தீர்த்தம் எடுத்தான் என்று தலபுராணம் சொல்கிறது. தண்ணீருக்கு ஆயுதம் தேவைப்பட்டிருக்கிறது என்றால் அன்றைக்கும் கோடை கோடைதான். எங்களுக்கு காஸ்டிங் அனுப்பும் பவுண்டரிக்கு ஒருமுறை ஆடிட்டுக்குப் போயிருந்தேன். வார்ப்பிரும்பு ஆயிரத்து நானூறு டிகிரியில் உருகி, லேடிலில் இறங்கும்போது அது தண்ணீரைப் போலத்தான் இருந்தது, தண்ணீரைவிட அமைதியாக. பத்தடி தள்ளி நின்றும் கன்னத்தில் மயிர் கருகுகிற மாதிரி இருந்தது. அங்கே நிற்கிறவர்கள் வருஷக்கணக்காக நிற்கிறார்கள். பல சுடுவியாழன்களின் பகல் பக்கம் ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் நடுவில் இருக்கிறது. கெல்ட்-9பி என்ற ஒன்று நாலாயிரத்தைத் தாண்டி, பல நட்சத்திரங்களைவிடச் சூடாக எரிகிறது.

பகல் பக்கம் என்று சொல்லக் காரணம், அங்கே ஷிப்ட் மாறாது. நட்சத்திரத்தின் இழுப்பு இவ்வளவு அருகில் கோளின் சுழற்சியைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவது போல, ஒரு பாதி என்றென்றைக்கும் வெளிச்சத்தில், மறுபாதி என்றென்றைக்கும் இரவில். சூடான பாதியிலிருந்து ஆறிய பாதிக்கு, நொடிக்குக் கிலோமீட்டர் கணக்கில் காற்று ஓடுகிறது. வாஸ்ப்-76பி-யில் பகலில் ஆவியாகும் இரும்பு, சாயங்கால விளிம்பில் தெரிகிறது, விடியல் விளிம்பில் மறைந்துவிடுகிறது என்று 2020-இல் அளந்தார்கள். இரவுப் பக்கம் இரும்பு மழையாக இறங்குகிறது என்பது அவர்கள் ஊகம். இதையெல்லாம் சந்தமசாவில் யாரும் அளந்துவிடவில்லை. அதன் நிழல்கூட நமக்குக் கிடைத்ததில்லை. அதற்கென்று நம்மிடம் இருப்பது ஆடும் ஒரு முள் மட்டும்.

எடை ஒரு பக்கம் கூடிய டிரம்மை நாங்கள் பேலன்சிங் மிஷினில் ஏற்றி, கனமான பக்கத்தில் சின்னத் துளை போட்டு எடையை எடுத்துவிடுவோம். ஆட்டம் நின்றுவிடும். எது கனமாக இருந்தது என்பதற்கு அந்தத் துளை மட்டுமே சாட்சி. லைனில் ஆட்டத்தை நிறுத்துவது வேலை; வானத்தில் ஆட்டம் நின்றுவிட்டால் ஒன்றுமே தெரியாது. இந்த இரண்டாவது வேலைக்கு ஆள் எடுத்தால் போகலாம் என்று அப்போது ஆசைப்பட்டிருக்கிறேன்.

அறையைக் காலி செய்வதற்கு முந்தின வாரம். மாசி கடைசி. மணி ஒன்பது இருக்கும். ஹவுஸ் ஓனர் அம்மா கொடியில் மிச்சமிருந்த துணியை உருவிக்கொண்டிருந்தார். சிம்மத்தின் அரிவாள் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. சிப்காட் வெளிச்சத்தையும் மீறி மகம் தெரிந்தது. கையை நீட்டி, மகத்திலிருந்து தெற்கே ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக அளந்து காட்டினேன்.

“அங்கதாம்மா. ஒரு குரு இருக்கு. கண்ணுக்குத் தெரியாது.”

அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையை அண்ணாந்து, தெரியாததை ரொம்ப நேரம் பார்த்தார்.

“மகத்துக்குக் கீழயா? எங்க பேத்திக்கு மகந்தான்.”

“ஆமாம்மா.”

“மகம் ஜெகத்த ஆளும்னுவாங்க. இவ நைட் ஷிப்டுக்குப் போறா.” கொஞ்சம் நிறுத்தினார். “அந்த குரு பார்வை நல்லதா, கெட்டதா தம்பி?”

“அங்கேர்ந்து வெளிச்சம் வந்து சேரவே முந்நூத்தி நாப்பது வருஷம் ஆகும்மா. இப்ப நாம பாக்கறது, சென்னைக்கு மாநகராட்சி வெச்ச காலத்துல கிளம்பினது.”

அவர் மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டார்.

“அப்ப இவளுக்கு ஒண்ணும் ஆவாது” என்றார்.

கீழே கம்பெனி பஸ் வந்து நின்று ஹார்ன் அடித்தது. கழுத்தில் ஐடி கார்டு மாட்டிய பெண், டிபன் பையோடு படியிறங்கி ஓடும் சத்தம் கேட்டது. “சொட்டர் எடுத்துக்கினியாடி, உள்ள ஏசி போட்டுட்டுச் சாவடிப்பானுங்க” என்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அம்மா கத்தினார். அதற்குள் பஸ் திரும்பிவிட்டது.